பாதாம் போட்ட சத்துமாவு

மஸ்கட்
20.8.1997

அன்புள்ள அண்ணிக்கு,

சரளா வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்கள், அண்ணன், என் சோனியா மூவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று மேடம் வீட்டில் விளக்கு ஏற்றும்போதெல்லாம் தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

வேலை கஷ்டமில்லை. கிருத்திகா மேடமும் சாரும் காலையில் ஆபீஸ் போனால் மாலையில்தான் வருவார்கள். நம் பாஷைக்காரர்கள் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. அவர்கள் பையன் பரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நம் சோனியாவைவிட இரண்டு மாதம் மூத்தவன். அவனுக்குத் தலை துவட்டும்போது சில நேரம் என் கை நின்றுவிடுகிறது.

அண்ணன் அனுப்பிய போட்டோ கிடைத்தது. சோனியாவுக்கு நீங்கள் தைத்த பாவாடை அழகாக இருக்கிறது. குழந்தை கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறாள். போட்டோவில் அப்படி விழுந்திருக்கிறதோ என்னவோ. மேடத்திடம் காட்டினேன், "உங்க பொண்ணா, ரொம்ப ஒல்லியா இருக்காளே" என்றார்கள். குறை சொல்வதாக நினைக்காதீர்கள் அண்ணி. அவள் அப்பா எங்களை விட்டுப் போனபோது தாங்கியது நீங்களும் அண்ணனும்தான். மூன்று வயதுப் பிள்ளையை உங்கள் மடியில் போட்டுவிட்டு இங்கே வந்தவளுக்கு எதைச் சொல்லவும் வாயில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் சரளா


ஈஜிபுரா, பெங்களூர்
9.9.1997

அன்புள்ள சரளாவுக்கு,

அண்ணி தமயந்தி எழுதுவது. உன் அண்ணன் ராஜேந்திரனுக்கு லேத் பட்டறையில் ஓவர்டைம், அதனால் இந்த முறை பேனா என் கையில். இங்கே மூவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீ வெயிலில் அலைந்து கருத்துப்போகாமல் இரு.

பிள்ளை இளைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ தப்பாகச் சொல்லவில்லை, தெரியும். நீ சொல்லாததைத் தெரு சொல்லும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகியும் தன் பிள்ளை இல்லாத எனக்கு அந்தப் பழமொழியில் பாதிதான் பாத்தியம். அந்தப் பாதியையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

ஆகையால் சத்துமாவு அரைத்துவிட்டேன். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றாக வறுத்து ஆறவைத்து எடுத்துப்போனேன். மில்லில் எனக்கு முன்னால் ஒருத்தி மிளகாய் அரைத்தாள். மில்காரரோடு சண்டை போட்டு ஒரு படி கோதுமையை ஓட்டிச் சுத்தம் செய்யச் சொல்லி, அப்புறம்தான் நம் மாவை அரைத்தேன். தினம் காலையில் ஒரு டம்ளர் கஞ்சி.

உன் மகள் லேசுப்பட்டவளா? டம்ளரைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். "வேணாம் அத்தை, நாக்கு குத்துது" என்கிறாள். மாவு எங்கேயாவது குத்துமா? எங்கள் வீட்டில் ஊட்டுகிற முறை உனக்குத் தெரியும். காலை நீட்டிப் பிள்ளையைக் குறுக்கே படுக்கவைத்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். நானும் என் தங்கை ருக்குவும் அப்படித்தான் வளர்ந்தோம். ஒருத்தியும் செத்துப்போகவில்லை.

வாயைச் சுற்றி லேசாகத் தடித்திருக்கிறது. உடம்புச் சூடுதான். விளக்கெண்ணெய் தடவியிருக்கிறேன். அடுத்த போட்டோவில் பார், கன்னம் எப்படி இருக்கிறதென்று.

உன் உடம்பை நீ பார்த்துக்கொள். இங்கே இருக்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தமயந்தி


மஸ்கட்
5.10.1997

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் கடிதத்தைப் பரத் தூங்கும்போது மூன்று தடவை படித்தேன். மில்காரரோடு நீங்கள் போட்ட சண்டை என் காதில் கேட்டது.

எனக்குக் கிடைத்த அண்ணி போல யாருக்குக் கிடைப்பாள்? விவேக் நகர் ஜெயராமன் அண்ணன் லீவில் வருகிறார். அவர் கையில் அரை கிலோ பாதாம் கொடுத்திருக்கிறேன். இங்கே மேடம் பரத்துக்குத் தினம் பாலில் அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். அவன் வாயில் கிண்ணத்தை வைக்கும்போதெல்லாம் நம் பிள்ளைக்கு இது இல்லையே என்று இருந்தது. சத்துமாவில் சேர்த்து அரையுங்கள். அண்ணனுக்கும் நாலு கொடுங்கள்.

தீபாவளிக்கு உங்கள் கையால் சோனியாவுக்கு எண்ணெய் வையுங்கள்.

சரளா


ஈஜிபுரா
10.11.1997

அன்புள்ள சரளாவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. நீ அங்கே என்ன சாப்பிட்டாய் என்று உன் அண்ணன் இரண்டு தரம் கேட்டார்.

பாதாம் வந்து சேர்ந்தது. ஜெயராமன் வீடு தேடி வந்து கொடுத்தார். அரை கிலோவையும் பக்குவமாக வறுத்துச் சத்துமாவில் போட்டுவிட்டேன். உன் அண்ணன்கூட, "ஒண்ணு ரெண்டு எனக்கு வையேன்" என்று கேட்டார். பிள்ளைக்கு வந்ததில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீ பயப்படாமல் படி. தீபாவளிக்கு முன்னாலிருந்து சோனியாவுக்கு அடிக்கடி இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். முதலில் சளி என்று தூதுவளை கொடுத்தேன். கீழ்வீட்டு பியாட்ரிஸ் அக்கா நர்சிங் ஹோமில் ஆயாவாக இருக்கிறாள் இல்லையா, அவள்தான் டாக்டரிடம் அழைத்துப்போனாள். பெங்களூர்க் காற்றே இப்படித்தான், காலி சைட்டில் எல்லாம் பார்த்தீனியம், அதுதான் இந்தக் காங்கிரஸ் செடி, பூத்துக் கிடக்கிறது, அந்தப் பூந்தூள்தான் காரணம் என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டைச் சுற்றி இருந்த செடியை ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டார். இரண்டு கையும் தடித்து, லேத் பிடிக்க முடியாமல் மூன்று நாள் லீவு போட்டார். சாம்பிராணி போடுவதை நிறுத்திவிட்டேன். கம்பளியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். தெருநாய்க்கு வாசலில் சோறு வைப்பதுகூட இல்லை.

இழுப்பில் உடம்பு கரைகிறது. அதற்காகக் கஞ்சியைக் காலையும் மாலையும் இரண்டு வேளை ஆக்கியிருக்கிறேன்.

கவலைப்பட்டு வேலையில் தடுமாறாதே.

தமயந்தி


மஸ்கட்
2.12.1997

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணன் கை ஆறிவிட்டதா? சோனியாவுக்கு இழுப்பு என்று படித்ததிலிருந்து எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை.

ஒரு விஷயம். இத்தனை நாள் ஒன்றும் ஆகாமல் குடித்த பாதாம் பாலைத்தான் பத்து நாள் முன்னாலும் பரத்துக்குக் கொடுத்தேன். குடித்த ஐந்தாவது நிமிஷம் உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. சார் காரில் தூக்கிக்கொண்டு ஓடினார். அலர்ஜி என்று சொன்னார்களாம். சில பிள்ளைகளுக்கு சில சாப்பாடு விஷமாம். இப்போது அந்த வீட்டில் பாதாம், முந்திரி, பிஸ்தா எதுவும் கிடையாது.

சோனியாவுக்கும் பாதாம் வேண்டாம் அண்ணி. நான்தான் அனுப்பினேன், நானே வேண்டாம் என்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், பாதாம் சாப்பிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். பேனா சரியில்லை, வேறொன்றுமில்லை.

அவளை என் சார்பில் ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரளா


ஈஜிபுரா
30.1.1998

அன்புள்ள சரளாவுக்கு,

பொங்கலுக்கு நீ இல்லாத குறைதான். உன் அண்ணனும் நானும் சௌக்கியம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் நாள் போய்விட்டது.

நீ எழுதியபடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் அண்ணனும் வந்தார். லேடி டாக்டர், நல்ல மாதிரி. நமக்காகக் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். சாப்பாட்டில் கொட்டைப் பருப்பு எதாவது உண்டா என்று கேட்டார். பாதாம் போட்டிருக்கிறேன் என்றேன். ஒரு மாதம் அதை அடியோடு நிறுத்திவிட்டு வாருங்கள், இழுப்பு நின்றால் அதுதான் காரணம், நிற்காவிட்டால் அது இல்லை என்றார்.

நிறுத்தினேன். ஒரு மாதத்தில் ஐந்து தடவை இழுப்பு. திரும்பப் போய்ச் சொன்னோம். அப்படியானால் சாப்பாடு இல்லை, ஆஸ்துமாதான் என்று பஃப் மருந்து எழுதிக் கொடுத்தார். பிளாஸ்டிக் குழாயில் மூக்கையும் வாயையும் மூடி அழுத்த வேண்டும். நானே பழகிக்கொண்டேன்.

நீ பயந்தபடி உன் பாதாமால் ஒன்றும் இல்லை. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இதற்கு மேல் எழுத இன்றைக்கு ஓடவில்லை.

தமயந்தி


மஸ்கட்
20.2.1998

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் இரண்டு மாதத்துக்கு அப்புறம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிள்ளைக்கு ஆஸ்துமா என்று படித்துவிட்டு ஒரு தாய் நிம்மதியாகச் சாப்பிட்டாள் என்றால் யாராவது காறித் துப்புவார்கள். ஆனாலும் சாப்பாட்டால் இல்லை என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டாரே. அது போதும் எனக்கு.

ஆஸ்துமாவுக்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று மேடம் சொன்னார்கள். சத்துமாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவள் அடம்பிடித்தால் விடாதீர்கள். அவள் என் மாதிரி, பிடிவாதக்காரி.

ஜூலையில் லீவு கிடைக்கும்.

அண்ணன் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

சரளா


மஸ்கட்
12.4.1998

அண்ணிக்கு,

வணக்கம். ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. பியாட்ரிஸ் அக்கா வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன். அண்ணன்தான் வந்து பேசினார். "எல்லாம் சரியா இருக்கு, நீ வேலைய பாரு" என்றார். உங்களைக் கூப்பிடச் சொன்னால், குளிக்கிறாள் என்றார். மூன்று தடவையும் குளிக்கிறீர்கள்.

போன வாரம் சோனியா போனில் வந்தாள். "அம்மா, எனக்கு ஆஸ்பத்திரில பெரிய ஊசி போட்டாங்க, நான் அழல" என்றாள். உடனே அண்ணன் வாங்கி வைத்துவிட்டார்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் அண்ணி. கை கூப்பிக் கேட்கிறேன்.

சரளா


ஈஜிபுரா
28.4.1998

சரளாவுக்கு,

இதை உட்கார்ந்து படி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோனியா நன்றாக இருக்கிறாள். வாசலில் பியாட்ரிஸ் அக்காவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள், குரல் கேட்கிறது. மற்ற நலம் விசாரிப்பு இன்றைக்கு வேண்டாம்.

நீ அனுப்பிய பாதாமில் ஒரு பருப்புகூட நான் சத்துமாவில் போடவில்லை. ஜெயராமன் கொண்டுவந்த அதே வாரம் சந்தாபுராவில் என் தங்கை ருக்குவுக்கு இரண்டாவது ஆண்குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போக வேண்டும். முதல் பிரசவத்துக்கு நான் ஆரஞ்சுப்பழம் கொண்டுபோனேன். அவள் மாமியார் என் காது கேட்கவே, "பெக்காதவளுக்கு பெத்தவ அருமை எங்க தெரியும்" என்றாள். இந்தத் தடவை மஸ்கட் பாதாமை அட்டைப்பெட்டியோடு அவள் முன்னால் வைத்தேன். அந்தக் கிழவி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நான் அந்த நாற்காலிக்காகத்தான் உன் பிள்ளையின் பாதாமைக் கொடுத்தேன் சரளா.

மாவில் போட்டது வேர்க்கடலை. முதல் தடவை அரைத்ததிலிருந்தே அதுதான். நம்மைப் போன்றவர்களுக்குப் பாதாமும் அதுதான் முந்திரியும் அதுதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கடலைச் சட்னியை அவள் தொடமாட்டாள், துப்பிவிடுவாள். நாக்கு நீளம் என்று நினைத்தேன்.

டாக்டர் கேட்டபோது உன் அண்ணன் என் பக்கத்தில் நின்றிருந்தார். கடலை என்று சொன்னால் பாதாம் எங்கே போனது என்று கேட்பார். அதனால் பாதாம் என்று சொன்னேன். டாக்டர் பாதாமை நிறுத்தச் சொன்னார். போடாததை எப்படி நிறுத்துவது? ஒரு மாதம் முழுக்கக் கடலை மாவையே கொடுத்துக்கொண்டு, பாதாமை நிறுத்திவிட்டேன் என்று போய்ச் சொன்னேன். ஒரு படித்த பொம்பளையை என் பொய்யை நம்பி ஆஸ்துமா என்று எழுத வைத்தேன்.

மார்ச் முதல் வாரம் மாவு தீர்ந்தது. மில்லில் மோட்டார் கெட்டுப் பதினைந்து நாள் பூட்டு. அந்தப் பதினைந்து நாளும் அவளுக்கு ஒரு இழுப்பு இல்லை. தெருக்கோடி வரைக்கும் ஓடினாள். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். இளைத்திருக்கிறாளே என்று இந்த முறை கடலையை இரண்டு பங்கு போட்டேன்.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை. டம்ளரைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். காலைப் பிடித்து இழுத்தேன். மடியில் போட்டு மூக்கைப் பிடித்தேன். "அத்தை, குத்தும் அத்தை" என்று சொன்னாள். ஊற்றினேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் உதடு இரண்டும் வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக எழும்பியது. கஞ்சியைக் கக்கினாள். அப்புறம் சத்தமே வரவில்லை. பூனைக்குட்டிச் சத்தம்கூட இல்லை. நகம் நீலமாகிவிட்டது. பியாட்ரிஸ் அக்கா நைட்டியோடு ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். அவள் இல்லையென்றால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

தொடையில் ஊசி போட்டார்கள். மாஸ்க் வைத்தார்கள். அதே லேடி டாக்டர் வந்து, "கடைசி அர மணி நேரத்துல மகு ஏனு திந்த்து? நிஜ ஹேளம்மா" என்றார். குழந்தை என்ன சாப்பிட்டது, உண்மையைச் சொல்லம்மா என்று கேட்கிறார். அன்றைக்கு உன் அண்ணன் பக்கத்தில் இல்லை. கடலை என்றேன். எத்தனை நாளாக என்றார். ஏழு மாதம் என்றேன். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இனி ஒரு துளிகூட வாயில் படக் கூடாதாம். கடலை எண்ணெயை விட்டுவிட்டேன். மிக்ஸி ஜாரைப் புதிதாக வாங்கினேன். சட்டுவம், சல்லடை எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உன் அண்ணனிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். தடிப்பு ஆறாத தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இதை உன்னிடம் நானே எழுத வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதனால்தான் நான் மூன்று தடவையும் குளித்தேன். நாற்பது நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நீ வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போ. போகாதே, என்னிடம் விடு என்று கேட்க எனக்கு ஆசை. கேட்க முகமில்லை.

தமயந்தி


மஸ்கட்
26.5.1998

அன்புள்ள அண்ணிக்கு,

சரளா எழுதுவது. உங்கள் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. கோபத்தில் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். படித்த அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. உங்கள் தங்கை மாமியாரையும் அவள் நாற்காலியையும் வாய்விட்டுத் திட்டினேன். மறுநாள் காலையில் அந்தக் கோபம் தங்கவில்லை.

டிசம்பர் கடிதத்தில் ஒரு வரி அடித்திருந்தேன். பேனா சரியாகத்தான் இருந்தது. அந்த வரியை இப்போது எழுதுகிறேன்.

சோனியாவுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது விவேக் நகரில் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு எடுத்துப்போனேன். யாரோ எதையோ அவள் வாயில் வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் முகம் பந்து மாதிரி வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்தது. கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ஏதோ சாப்பாடு இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல் என்றார் டாக்டர். பூச்சிக்கடி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டேன்.

நான் கிளம்புகிற அன்று நீங்கள் கேட்டீர்கள். நினைவிருக்கிறதா? "பிள்ளைக்கு நோய்நொடி எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு சரளா, ஆஸ்பத்திரிக்கு அலைய எனக்குத் தெரியாது" என்றீர்கள். விசா கையில் இருந்தது. சொன்னால் நீங்கள் மாட்டேன் என்பீர்கள் என்று பயந்தேன். "ஒண்ணுமில்ல அண்ணி, கல்லு மாதிரி இருக்கா" என்றேன்.

பரத்தின் உதடு வீங்கியபோது மேடம் அலறினார்கள். நான் அலறவில்லை. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொரு பாக்கெட்டையும் நான்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அவன் பள்ளிக்கூட டப்பாவை நான் பார்த்துத்தான் மூடுவேன். அவனுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை இப்படிக் காத்தேன். என் பிள்ளைக்காக ஒரு வரி எழுதிவிட்டு, எங்கே என்னைத் திரும்ப வரச் சொல்வீர்களோ என்று அதை அடித்தேன்.

பாதாமை நிறுத்தியும் இழுப்பு நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சாப்பாட்டால் இல்லையென்றால் நான் மறைத்ததாலும் இல்லை. அதற்காகத்தான் அன்று வயிறாரச் சாப்பிட்டேன். சத்துமாவை விடாதீர்கள் என்று எழுதியதும் நான்தான். நீங்கள் ஊற்றிய டம்ளரில் என் கையும் இருந்தது.

அந்த டாக்டரிடம் வளைகாப்பு விஷயம் போயிருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். நீங்கள் மறைத்ததில் பாதி, நான் மறைத்ததில் பாதி.

மேடத்திடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். ஜூலை நான்காம் தேதி வருகிறேன், திரும்பப் போவதாக இல்லை. சோனியாவை யார் வைத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணனிடமும் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

சரளா


ஈஜிபுரா
18.6.1998

அன்புள்ள சரளாவுக்கு,

அண்ணி எழுதுவது. உன் அண்ணன் நலம், கை ஆறிவிட்டது. பிள்ளை நலம். நீ பத்திரமாக வந்து சேர்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இரண்டு நாள் பாத்திரத்தின் மேல் காட்டினேன். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே என்று. அப்புறம் மெல்ல ஒரு நிம்மதி வந்தது. இத்தனை நாள் நான் மட்டும் சுமந்தது உனக்கும் பாதி என்று தெரிந்த நிம்மதி. ஆத்திரத்தைவிட அந்த நிம்மதிக்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் பிப்ரவரிச் சாப்பாடு மாதிரிதான் இதுவும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வளைகாப்பு விஷயத்தை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையிலும் கடலை என்றுதான் வந்திருக்கிறது. பாதாமை நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள், இங்கே வந்து எங்கள் எதிரில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். மார்ச்சிலிருந்து இழுப்பு ஒரே தடவைதான், அதுவும் சளியால். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. சத்துமாவு இல்லாமலே கூடிவிட்டது பார்.

யார் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். நம் இரண்டு பேரில் யார் நல்லவள் என்று பார்த்துப் பிள்ளையைக் கொடுப்பதென்றால் இரண்டு பேருக்கும் கொடுக்கக் கூடாது. பியாட்ரிஸ் அக்காவுக்குத்தான் கொடுக்க வேண்டும். கீழே அவள் வீட்டுக்குப் பக்கத்து ரூம் இந்த மாதம் காலியாகிறது. உன் அண்ணன் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார். நீ அங்கே இரு, பிள்ளை உன்னோடு இருக்கட்டும். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

ஒன்றை மட்டும் நீ வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். சோனியா இப்போது யார் எது கொடுத்தாலும், "இதுல கடலை இருக்கா?" என்று கேட்கிறாள். கடைக்காரரிடம் கேட்கிறாள், கோயிலில் பூசாரியிடம் கேட்கிறாள். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். இல்லை என்று மற்றவர்கள் சொன்னால் வாங்கிக்கொள்கிறாள். நான் இல்லை என்று சொன்னால் வாங்கமாட்டாள். "நீ மொதல்ல சாப்புடு அத்தை" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. மற்றபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். ஆனால் தினம் மூன்று வேளையும் முதல் வாயை நான் தின்று காட்டுகிறேன். விழுங்கிய பிறகும் என் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம்தான் வாய் திறக்கிறாள்.

நீ வந்ததும் ஆசையாக எதையாவது ஊட்டப் போவாய். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று நீ சொன்னது அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் உன்னிடமும் அவள் கேட்கட்டும். நீயும் முதல் வாயைத் தின்று காட்டு. அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் கையை அப்படியே வைத்திரு.

ஏர்போர்ட்டுக்கு நாங்கள் மூவரும் வருகிறோம்.

உன் அண்ணி
தமயந்தி